சர்வீஸ் முடிந்து வந்த சைக்கிளில் இடது பெடல் கழன்று விழுந்தது: கடைக்காரரிடம் என்ன கேட்பது?

9 ஆகஸ்ட் 2025, மாலை (பொள்ளாச்சி வாசகர் கேட்டது)

கியர் சைக்கிள், வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. பக்கத்துக் கடையில் ஜெனரல் சர்வீஸுக்கு விட்டேன். 850 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த வாரமே ஆனைமலை ரோட்டில் போகும்போது இடது பெடல் கழன்று செருப்போடு ரோட்டில் விழுந்தது. திரும்ப மாட்டினால் உட்கார மாட்டேன் என்கிறது. கடையில் கேட்டால் “நீங்க எந்திரிச்சு நின்னு மிதிச்சிருப்பீங்க சார், அதான் மரை போயிருச்சு” என்கிறார். கிராங்க் செட்டே (பெடல் மாட்டுகிற கைகளும் பல்சக்கரமும்) மாற்ற வேண்டுமாம், அதற்கும் என்னிடமே காசு கேட்கிறார். அவர் சொல்வது உண்மையா? சண்டை போடவும் தயக்கம். நாளைக்குக் காற்றடிக்க அதே கடைக்குத்தான் போகணும்.

9 ஆகஸ்ட், இரவு

உண்மை இல்லை. பெடல் என்பதே ஏறி நின்று மிதிப்பதற்குத்தான். மேட்டில் எழுந்து நின்று மிதித்ததால் மரை போகும் என்றால் ஊட்டி மலை ஏறுகிறவர்கள் எல்லோரும் பாதி வழியில் பெடலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மரை போகப் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று, பெடலைக் கோணலாகவோ வலது இடது மாற்றியோ வைத்து ஸ்பேனரால் பலவந்தமாகத் திருகியிருப்பார்கள். அல்லது கையால் மாட்டிவிட்டுக் கடைசியாக இறுக்க மறந்திருப்பார்கள். லூஸான பெடலோடு ஓட்டினால் இரும்பு அச்சு அலுமினிய மரையை அரைத்துவிடும்.

கிராங்க் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வாய்ப் பக்கத்து மரை மட்டும் மழுங்கி உள்ளே நன்றாக இருந்தால் கோணலாக ஏற்றியிருக்கிறார்கள். முழு நீளத்துக்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால் லூஸாக விட்டிருக்கிறார்கள். பெடல் அச்சின் முனையில் ‘எல்’, ‘ஆர்’ என்று ஆங்கில எழுத்து வெட்டியிருக்கும். இடது பக்கம் ‘எல்’ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

10 ஆகஸ்ட், காலை

இடது மரை என்றால் என்ன என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். சைக்கிளில் வலது பெடல் சாதாரண மரை, வலப்பக்கம் திருகினால் இறுகும். இடது பெடல் எதிர் மரை, அதாவது இடது மரை, இடப்பக்கம் திருகினால் இறுகும். நாம் மிதிக்கும்போது எடை அச்சின் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை. கிராங்க் சுற்றச் சுற்ற அந்த அழுத்தமும் அச்சைச் சுற்றி வருகிறது. மரைக்குள் இருக்கும் மயிரிழை இடைவெளியில் அச்சு எதிர்த் திசையில் துளித் துளியாக உருளும். இரண்டு பக்கமும் ஒரே மரையாக இருந்தால் இடது பெடல் தானாகவே கழன்று வந்துவிடும். அதற்காகத்தான் இடதுக்கு எதிர் மரை.

ஞாபகம் வைக்க எளிய வழி: ஸ்பேனரை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு முன் சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினால் இறுகும், பின் சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினால் கழலும். இரண்டு பக்கமும் இதே கணக்குதான்.

பெடல் முழுவதும் கை விரலாலேயே உள்ளே போக வேண்டும். ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும். முதல் சுற்றிலேயே ஸ்பேனர் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இது தெரியாத பையன் கையில்தான் உங்கள் சைக்கிள் போயிருக்கிறது.

10 ஆகஸ்ட், சாயங்காலம்

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். வேறு கடையில் காட்டி “கொஞ்சம் தட்டி ஏத்திப் பாருங்கண்ணா” என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது கை பட்ட பிறகு முதல் கடைக்காரர் எதற்கும் பொறுப்பேற்க மாட்டார். போட்டோ எடுத்துவிட்டு அப்படியே வையுங்கள்.

12 ஆகஸ்ட்

மரை முழு நீளத்துக்கும் தேய்ந்திருக்கிறது, பெடலில் ‘எல்’ சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இறுக்க மறந்த கதைதான். சர்வீஸில் பெடலைக் கழற்றி கிரீஸ் போட்டதாக அவர்களே சொன்னார்கள் என்பது உங்களுக்குச் சாதகம். கழற்றினது அவர்கள், மாட்டினது அவர்கள்.

ஆனால் மறுநாளிலிருந்தே மிதிக்கும்போது ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் உங்களைப் பிடிக்கப்போகிற இடம் அதுதான். “சத்தம் வந்தன்னைக்கே கொண்டு வந்திருந்தா ரெண்டு சுத்துல இறுக்கிக் கொடுத்திருப்பனே” என்பார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆகவே முழு கிராங்க் செட் கேட்டு நிற்காதீர்கள். “கழற்றி மாட்டினது நீங்கள், சத்தத்தோடு ஓட்டினது நான், சரிசெய்கிற செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று ஆரம்பியுங்கள். கேட்பது இன்னதென்று தெளிவாக இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். “என்ன வேலை பாக்கறீங்க நீங்க” என்று ஆரம்பித்தால் அது வேறு எங்கோ போய்விடும்.

போகிற நேரமும் முக்கியம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டால் எந்த முதலாளியும் பையனை விட்டுக்கொடுக்க மாட்டார். காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்ததும் போங்கள்.

பில் இல்லையா? பரவாயில்லை. ஜிபேயில் கட்டியது தேதியோடு இருக்கும், அது போதும் பேச.

12 ஆகஸ்ட், இரவு

என் அனுபவம் ஒன்று. மகளுக்கு 24 இஞ்ச் சைக்கிள் வாங்கினேன், கோயம்புத்தூரில், பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: “அப்பா, திருப்பும்போது கால் மட்கார்டுல இடிக்குது.” உட்கார்ந்து பார்த்தால் முன் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை) முன்னும் பின்னுமாக மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். பிரேக் கை இரண்டும் ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டியது, பின்னால் போய் ஃபிரேமைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபோர்க்கின் கீழ் முனை முன்பக்கம் வளைந்திருக்க வேண்டும்; அதைத் திருப்பினால் சக்கரம் உள்ளே வந்துவிடும். அதனால்தான் கால் இடித்தது. இடிப்பதைவிட மோசம், ஹேண்டில் திரும்புகிற விதமே மாறிவிடும்.

கடையில் சொன்னேன். “இந்த மாடலே அப்படித்தான் சார்” என்றார். வாயால் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கடையில் அதே மாடல் இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் என் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். பையனைக் கூப்பிட்டார். ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்மை லூஸ் பண்ணி, சக்கரத்தைத் திருப்பி, வயரை மாற்றிப் பூட்டி, டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மன்னிப்பு எல்லாம் கிடையாது. டீக்கு அவர்தான் காசு கொடுத்தார், அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் வழி இதுதான். பொருளைப் பேசவிடுவது.

15 ஆகஸ்ட்

“எல்லாக் கடைக்காரனும் திருடன், நீங்களே கற்றுக்கொண்டு செய்யுங்கள்” என்று மேலே ஒருவர். லீவு நாளில் கோபம் அதிகமாகத்தான் வரும் போல.

திருட்டு வேறு, வேலை தெரியாமை வேறு. பழைய கறுப்பு சைக்கிளில் எல்லாமே இரும்பு. கிராங்கைப் பூட்டுகிற காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள், வளைந்தால் அடித்து நிமிர்த்துவார்கள், அது தாங்கும். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து பல தலைமுறை மெக்கானிக்குகள் அந்த வண்டிகளில்தான் கை பழகினார்கள். அலுமினிய கிராங்க், டிஸ்க் பிரேக், இருபது முப்பது கியர் எல்லாம் பிறகு வந்தவை. சுத்தியலை எடுக்கிற கை அதே கை. எவ்வளவு இறுக்கினால் போதும் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று. கியர் சைக்கிள் கம்பெனியிலிருந்து பெட்டியில் பாதி பூட்டிய நிலையில்தான் வருகிறது. ஹேண்டில், முன் சக்கரம், சீட், பெடல், பிரேக் செட்டிங் எல்லாம் கடையில் நடக்கிற வேலை. பல கடைகளில் பூட்டுகிற பையனுக்கு வண்டிக்கு இவ்வளவு என்று கூலி. அவன் வேகமாகத்தான் பூட்டுவான். ஃபோர்க் திரும்பிப் போவதற்கும் கியர் செட்டாகாமல் வருவதற்கும் காரணம் அங்கே இருக்கிறது.

ஆனாலும் ஒரு பிரிவு வைத்திருக்கிறேன். கியர் சத்தம், மட்கார்டு உரசல், ஸ்டிக்கர் கீறல் இதற்கெல்லாம் சிரித்துவிட்டு வந்துவிடலாம். பிரேக், ஃபோர்க், ஹேண்டில் ஸ்டெம், சக்கர நட்டு, பெடல் இந்த ஐந்தில் கோட்டை விட்டால் அந்தக் கடைக்கு இரண்டாவது வாய்ப்பு ஒன்றுதான். மூன்றாவது இல்லை.

17 ஆகஸ்ட்

பெடல் பேரிங் இறுகிப்போனால் பெடல் இன்னும் இறுகத்தான் செய்யும் என்கிறார் திருப்பூர் நண்பர். நேர்மாறு. பேரிங் பிடித்துக்கொண்டால் பெடல் கட்டை அச்சை இழுத்துக்கொண்டு சுற்றும், அந்தத் திசை கழற்றுகிற திசை. உருளல் இறுக்கும், பிடிப்பு கழற்றும். சாதாரணமாக உருளல்தான் ஜெயிக்கும். பேரிங் முழுக்கப் பிடித்தால் பெடல் கழன்றுவிடும். காலோடு சேர்த்து முறுக்கிவிடாமல் கழன்று போவது ஒருவகையில் நல்லதுதான்.

பெடலை விடுங்கள், வலது பக்கத்து பி.பி. கப்பும் (கிராங்க் அச்சு சுற்றுகிற பேரிங்கின் கிண்ணம்) எதிர் மரைதான், ஆங்கிலேய அளவு வண்டிகளில். அதைத் தெரியாமல் பைப் ரெஞ்ச் போட்டு இழுத்து ஃபிரேமையே கெடுத்த கடைகள் உண்டு.

23 ஆகஸ்ட்

டிஸ்க் பிரேக் ‘கீச்’ என்று கத்துகிறது, சர்வீஸுக்குப் பிறகு பிடிக்கவும் இல்லை என்று ஈரோட்டிலிருந்து ஒருவர். கிட்டத்தட்ட நிச்சயம், செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்க்கிலும் பட்டிருக்கும். “சத்தம் வருது” என்று நீங்கள் சொல்லி, அதற்கும் கொஞ்சம் எண்ணெய் போட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் விசேஷம். (சிரிக்காதீர்கள், நடக்கிறது.)

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மெடிக்கலிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும். சுத்தமான துணியில் தொட்டு டிஸ்க்கை இரண்டு பக்கமும் துடையுங்கள். பிரேக் பேட் எண்ணெயைக் குடித்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். புது பேட் போட்டதும் காலியான ரோட்டில் ஓட்டி, முழுக்க நிறுத்தாமல் வேகம் குறைகிற அளவுக்குப் பிடித்துப் பிடித்து விடுங்கள். பிறகுதான் பிடிப்பு வரும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது பேட் விலை. சர்வீஸ் காசைத் திரும்பக் கேட்காதீர்கள், தர மாட்டார்.

31 ஆகஸ்ட்

பொள்ளாச்சி நண்பர் நேற்று கிராங்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கோவை வந்தார். இடது கிராங்க் தனியாகக் கிடைக்கவில்லை, செட்டாகத்தான் தருவேன் என்றார்களாம். கணபதிப் பக்கம் எனக்குத் தெரிந்த லேத்துக்குக் கூட்டிப்போனேன்.

சைக்கிள் கிராங்க் மாதிரி கோணலான சாமானை லேத்தில் பிடிப்பதே ஒரு வேலை. ஃபேஸ் பிளேட்டில் பட்டி போட்டு, ஓட்டை நடுவில் வருகிறதா என்று டயல் வைத்து, தாமிரத் தகடு சொருகி, திரும்பத் திரும்பத் தட்டி நேராக்கினார். பழைய மரையை முழுக்கக் குடைந்து எடுத்துவிட்டு, இரும்பு புஷ் (உள்ளே செருகுகிற சிறு குழல்) ஒன்று கடைந்து, வெளியே ஒரு மரை, உள்ளே 9/16 இஞ்சுக்கு இஞ்சில் 20 மரை, அதுவும் இடது மரை. அந்த அளவில் இடது டேப் அவரிடம் இல்லை. லீட் ஸ்குரூவை எதிர்ப்பக்கம் ஓட்டி ஒற்றை டூலாலேயே மரை வெட்டினார். லாக்டைட் பசை போட்டுப் புஷ்ஷை உள்ளே ஏற்றினார். பெடலைக் கையில் கொடுத்து “திருகு கண்ணு” என்றார். விரலாலேயே கடைசிவரை போனது.

நண்பர் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்ததும் லேத்காரர் சிரித்தார். “அவுங்களத் திட்டாத கண்ணு. இப்படி அடிச்சுக் கொண்டாரதுலதான் எனக்குப் பொழப்பே ஓடுது.”

லேத் கூலி 400. பொள்ளாச்சிக் கடைக்காரர் போனிலேயே “நான் தர்றனுங்க” என்றாராம். எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன். கோவை வருவதற்கு முன்பே காலையில் போய், தேய்ந்த கிராங்கைக் கடைக்காரர் மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றிருக்கிறார். கடைக்காரர் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் பையனின் பெயரைச் சொல்லிக் கத்தினாராம். பையன் அன்றைக்கு லீவு.

6 செப்டம்பர்

நுகர்வோர் கோர்ட் போகலாமா என்று கேட்டவருக்கு. போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் அடித்துப் புகார் பதியலாம்.

850 ரூபாய்க்காக நான் போக மாட்டேன். பிரேக் பிடிக்காமல் கை ஒடிந்தது, ஐம்பதாயிரம் ரூபாய் சைக்கிள் ஃபிரேம் உடைந்தது என்றால் போவேன். அப்போது ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. என்ன வேலை செய்தார்கள் என்று எழுதின பில் இருந்தால்தான் கேஸ் நிற்கும். ‘சர்வீஸ் 850’ என்று ஒற்றை வரி இருந்தால் எதிர்த் தரப்பு “பெடலை நாங்கள் தொடவே இல்லை” என்று சொல்லிவிடலாம். சைக்கிளை விடும்போதே துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்; எழுதித் தர மாட்டேன் என்றால் நீங்களே வாட்ஸ்அப்பில் “பெடல், பி.பி., பின் கியர் பார்க்கச் சொல்லி விட்டிருக்கிறேன்” என்று அனுப்பிவிடுங்கள். அவர் கட்டை விரல் போட்டாலும் பதில்தான்.

14 செப்டம்பர்

காசு கொடுக்கும் முன் கடை வாசலிலேயே நான் என்ன பார்ப்பேன் என்று கேட்டீர்கள். அவசரப்படாமல் பார்த்தாலும் ஐந்து நிமிஷம்தான்.

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவேன். ஹேண்டில் அடியில் ‘டக்’ என்று ஆடினால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) லூஸ். சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் அசைப்பேன், ஆடினால் கோன் (சக்கர அச்சில் பேரிங்கைப் பிடிக்கிற நட்டு) லூஸ். சுழற்றி விட்டு பிரேக் கட்டைக்கு நேராகக் கண்ணை வைத்தால் கோட்டம் எடுத்திருக்கிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். போக்ஸ் கம்பிகளைப் பக்கம் பக்கமாக இரண்டிரண்டாகக் கிள்ளிப் பார்ப்பேன், ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பின் கியரைப் பெரிய பல்லுக்குத் தள்ளி மெதுவாக மிதிப்பேன். செயின் எல்லை தாண்டாமல் தடுக்கிற லிமிட் ஸ்குரூ செட் பண்ணாமல் விட்டால் செயின் அங்கேதான் கம்பிக்குள் விழும். மேட்டில் அப்படி விழுந்தால் டீரெய்லர் (பின் கியரில் செயினைப் பல் மாற்றுகிற கை) முறிந்து சக்கரத்துக்குள் போய்விடும், செலவு சர்வீஸைப் போலப் பல மடங்கு.

கடைசியாக இரண்டு பெடலும். ஆலன் கீ பையில் இருக்கிறது, ஒரு இழுப்பு.

கடைக்காரருக்கு முதலில் முகம் சுருங்கும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு நீங்கள் வருகிறீர்கள் என்றால் முதலாளியே உட்கார்ந்து செய்வார். எனக்கு அப்படித்தான் ஆனது.

28 செப்டம்பர்

2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து சைக்கிளுக்கும் உதிரிக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆகியிருக்கிறது. “செயின் மாத்தணும், கேசட்டும் சேர்த்து மாத்தணும்” (கேசட் என்பது பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) என்று உங்கள் கடைக்காரர் சொன்னால் பழைய விலையில் பில் போடுகிறாரா என்று பாருங்கள். அதைவிட முதலில், மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால் சரியாக 12 இஞ்சில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 இஞ்ச் தள்ளிப்போயிருந்தால் செயின் மாற்றலாம். 1/8 தள்ளியிருந்தால் கடைக்காரர் சொல்வது சரி, கேசட்டும் தேய்ந்திருக்கும்.

ஸ்கேலை அவர் முன்னாலேயே வையுங்கள்.

30 செப்டம்பர்

நாளைக்கு ஆயுத பூஜை. இப்போது யாரும் சர்வீஸுக்கு விடாதீர்கள். ஊரில் உள்ள பைக், ஆட்டோ, சைக்கிள் எல்லாம் வாட்டர் வாஷுக்கு வரிசையில் நிற்கிறது. பிரஷர் தண்ணியைச் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பிலும் பி.பி.யிலும் நேராக அடித்தால் கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே தங்கும், ஐப்பசி மழைக்கு முன்னாலேயே பேரிங் கரகரவென்று கேட்கும். வாளித் தண்ணியும் பழைய துணியும் போதும். சந்தனம் குங்குமம் டிஸ்க்கில் வைக்காதீர்கள், ஹேண்டிலில் வையுங்கள்.

பொள்ளாச்சி நண்பர் கேட்ட இன்னொரு கேள்வி: அந்தப் புஷ் எவ்வளவு நாள் தாங்கும்? அலுமினிய மரையைவிட இரும்பு மரை அதிகமாகவே தாங்கும். கழற்றும்போது மட்டும் திசையைப் பார்த்துக் கழற்றுங்கள், தப்பான பக்கம் பலமாக இழுத்தால் புஷ்ஷே அசைந்துவிடும். அடுத்த சர்வீஸுக்கு விடும்போது பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவன் லீவு முடிந்து வந்துவிட்டானாம்.